தவறணை அடைத்த பின்பு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களிலே மது ஹராம் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அவற்றை அடுத்துள்ள பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களிலோ, குடி குடியைக் கெடுக்கும் என்பதைக் குடிப்பவரே முதலிற் சொல்லுவர். ஆதலின் நமது கரையோரத்தின் குறை அறியாமையன்று. அறிந்தும் விழுந்தவன் எழுந்திருக்க முயலும்போது அவனையும் அவன் வீட்டாரையும் எவ்வாறு தாங்குவது என்பதிலேதான் நாம் கைபிசைந்து நிற்கின்றோம். இக்குறைக்கு ஒரு சரித்திரம் உண்டு.

இலங்கையில் மதுவொழிப்பு என்றதும் நினைவுக்கு வருவது 1912 ஆம் ஆண்டு. அவ்வாண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தீவெங்கும் கள்ளுத் தவறணைகளைப் பெருக்குமென்று கண்ட மக்கள் கொதித்தெழுந்தனர். எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க சகோதரர்கள் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்ததும் இவ்வியக்கத்தின் வழியாகவேயாம். முஸ்லிம் மக்கள் பெருந்துன்பமுற்ற 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, ஆங்கில அரசு இவ்வியக்கத் தலைவர்களையும் ஐயுற்றுச் சிறையிலிட்டது. பின்னர், ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடுவிக்கும் உரிமையும் கிடைத்தது. பல ஊர்களில் மூடியும் விட்டனர். பெருமைக்குரிய வரலாறுதான். ஆயினும் அவ்வரலாற்றிலே தவறணையைக் காண்கின்றோம், வரிக்காரனைக் காண்கின்றோம், மேடையைக் காண்கின்றோம். தவறணை அடைபட்ட அன்றிரவு கை நடுங்கத் திண்ணையில் இருந்தவனையும், அவனுக்கு விளக்கேற்றி வைத்து விழித்திருந்த மனைவியையும் காண்கின்றோமில்லை.

மிஷன் பாடசாலைகளின் வழியும் இத்தகையதே. 1847 இல் லீட்ஸ் நகரில் தொடங்கிய ‘நம்பிக்கைக் குழாம்’ சிறுவரைத் திரட்டி, மதுவைத் தொடோம் என்று உறுதிமொழி வாங்கியது. தொடாதவனுக்கு உறுதிமொழி நல்ல வேலி. தொட்டுவிட்டவனுக்கோ, மீறிய உறுதிமொழி மேலுமொரு வெட்கமாகவே முடிந்தது.

இதற்கு மாறான வழியொன்று 1935 இல் அமெரிக்காவில் பிறந்தது. பில் வில்சன் என்பார் பங்குத் தரகர். பொப் சிமித் என்பார் சத்திர வைத்தியர். இருவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர்கள். ஒருவரோடொருவர் தத்தம் கதையைப் பேசியிருந்தால் அன்றைய பொழுது குடியாமற் கழிகின்றது என்று கண்டனர். மருந்தன்று, பிரசங்கமன்று, அதே குழியில் விழுந்தெழுந்த மற்றொருவனின் துணை! அதுவே ‘அற்ககோலிக்ஸ் அனோனிமஸ்’ என்னும் கூட்டமாயிற்று. கணவர்மார் உள்ளே கூடியிருக்க, வெளியே காத்திருந்த மனைவியர் தங்களுக்கும் ஒரு நோய் உண்டு என்பதை உணர்ந்தனர். 1951 இல் வில்சனின் மனைவி லோயிஸ் முதலானோர் குடும்பத்தாருக்கென ‘அல்-அனோன்’ என்னும் தனிக் கூட்டத்தை அமைத்தனர்.

நிற்க. நமக்கு அணித்தான தமிழ்நாட்டிலே நிகழ்ந்ததைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1937 இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடக்கினார். 1971 இல் நிறுத்தப்பட்ட அச்சட்டம் 1974 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அது நடைமுறையில் இருந்த காலத்திலேயே, 1979 இல், புகழ்பெற்ற ரி. ரி. கே. குடும்பத்தைச் சேர்ந்த ரி. ரி. ரங்கநாதன் குடியால் உயிரிழந்தார். செல்வத்துக்குக் குறைவில்லை, சட்டத்துக்கும் குறைவில்லை, இல்லாதது சிகிச்சை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் துயரத்தோடு வீட்டில் அடங்கிவிடவில்லை. அமெரிக்காவிலுள்ள ஹேசல்டன் நிலையத்திற் பயின்று வந்து, 1980 இல் கணவர் பெயரால் சென்னையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே, அவன் மனைவிக்கும் பெற்றோருக்கும் வகுப்புகள் நடக்கும். அவன் குடித்ததற்குத் தானே காரணமென்று தன்னையே நொந்துகொள்வதையும், கடனடைத்து, பொய் சொல்லி, அவன் குடியை மூடி மறைப்பதையும் வீட்டார் அங்கே விட்டொழிக்கக் கற்கின்றனர்.

1989 இல் மஞ்சக்குடி என்னும் சோழநாட்டுக் கிராமத்துக்கே அந்நிறுவனம் முகாமைக் கொண்டு சென்றது. சென்னைக்கு வர வண்டிச்சத்தம் இல்லாதவன் தன் ஊரிலேயே, ஊராரின் ஆதரவோடு, பதினைந்து நாள் தங்கிச் சிகிச்சை பெற்றான். இதன் நுட்பம் யாதெனின், ஊராரே அவனை அனுப்பி ஊராரே அவனை ஏற்பதுதான். திரும்பிச் சென்றபின் அவனைக் கேலி செய்ய எவருக்கும் வாய் எழாதன்றோ!

இலங்கையிலும் 1974 இல் தோன்றிய சுமித்ரயோவின் கிளையாகிய ‘மெல் மெதுர’ கொழும்பிலே குடும்பத்தாரையும் அழைத்துப் பேசி உதவுகின்றது. அரசோ 1984 இல் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவியது. 2007 இன் சட்டத்தால் ஒருவனைக் கட்டாயமாகவும் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்றாயிற்று. கட்டாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, 2022 இல் கந்தக்காடு முகாமிலிருந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் வெளியேறி ஓடியது காட்டிற்று.

நம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த முஸ்லிம் நண்பர் ஒருவர் உண்டு. ‘ஐஸ்’ என்னும் பொருளுக்கு அடிமையாகி, இருமுறை தூரத்து நிலையமொன்றுக்குச் சென்று திரும்பினார். முதன்முறை சென்றபோது, “மகன் கட்டாருக்குப் போயிருக்கிறான்” என்று உம்மா அயலாருக்குச் சொல்லி வைத்தார். திரும்பி வந்தவர் அப்பொய்யைக் காப்பதற்காகவே வீட்டினுள் அடைந்து கிடந்தார். மூன்றாம் மாதம் பழைய கூட்டாளிகள்தாம் அவரைத் தேடி வந்தனர். இரண்டாம் முறை வாப்பா பள்ளிவாசலில் நாலு பேரறிய உண்மையைச் சொல்லிவிட்டார். கூனிக் குறுகித்தான் சொன்னாராம். மறுவாரமே ஒருவர் தம் அரிசி ஆலையில் அவருக்கு வேலை கொடுத்தார்.

அண்மையில் அவரைக் கண்டு, இப்போது என்ன உதவி வேண்டுமென்று வினவினோம். பணம் என்பார் என்று எண்ணியிருந்தோம். “ஆலை ஆறு மணிக்கு அடைக்கும். இஷாத் தொழுகை முடிந்து வீட்டுக்குப் போகும்வரை இருக்க ஓர் இடம் இருந்தால் போதும், மச்சான்” என்றார். எம்மதத்தாரும் வந்து பத்திரிகை பார்க்கும் நமது சங்க வாசிகசாலையும் ஆறு மணிக்கே பூட்டப்படுகின்றது. ஒன்பது மணி வரை திறந்து வைக்கவேண்டுமென்று அடுத்த பொதுக்கூட்டத்திற் பிரேரிக்க எண்ணியுள்ளோம். திறப்பை வைத்திருக்க நம்மில் இருவர் சம்மதித்துள்ளனர். மின்சாரச் செலவுக்குத்தான் இன்னும் வழி காணவில்லை.