சமநிலை என்பது சம அளவா? தைத்திரீயத்தின் ஐந்து பறவைகளும் பதஞ்சலியும்

யோகம் பற்றி இன்று வெளிவரும் நூல்களில் இரண்டு கூற்றுகள் கைகோத்து வருகின்றன. மனிதன் ஐந்து கோசங்களால் (உறைகளால்) ஆனவன் என்பது ஒன்று; அவற்றைச் சமநிலைக்குக் கொண்டுவருவதே யோகம் என்பது மற்றொன்று. முதலாவது தைத்திரீய உபநிடதத்தை வேராகக் கொண்டது. இரண்டாவது பெரும்பாலும் பதஞ்சலியின் பெயரால் சொல்லப்படுகிறது. ஆனால் யோக சூத்திரத்தின் 195 சூத்திரங்களில் (சில பதிப்புகளில் 196) ஐந்து கோசங்களுக்கு இடமே இல்லை. பி.கே.எஸ். ஐயங்கார் 2005இல் வெளியிட்ட 'லைட் ஆன் லைஃப்' நூலில் ஐந்து கோசங்களின் வரிசையிலேயே யோகப் பயிற்சியை விளக்கினார். வாழ்நாள் முழுதும் உழைத்த ஒரு பயிற்சியாளரின் அனுபவ இணைப்பு அது. அந்த வகையில் அதன் மதிப்புக் குறையாது. ஆயினும் இரு மூலங்களையும் ஒன்றாகக் கரைத்துவிட்டால் சமநிலை என்ற கருத்தே மங்கிப்போகிறது. சமநிலை என்பது கூறுகள் சம அளவில் இருப்பது அன்று, ஒவ்வொரு அடுக்கும் தனக்குரிய ஆதாரத்தின்மேல் ஊன்றி நிற்பது என்பதே தைத்திரீயம் தரும் பார்வை. அதை மீட்டெடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் குணங்களை எடுத்துக்கொள்வோம். சத்துவம், ரசசு, தமசு ஆகிய மூன்றையும் சமப்படுத்துவதே உள்ளச் சமநிலை என்று பலர் எழுதுகின்றனர். சாங்கியத்தில் முக்குணங்களும் சமமாக நிற்கும் நிலைக்கு ஒரே பொருள்தான்: மூலப்பிரகிருதி. அங்கே புத்தி தோன்றவில்லை, அகங்காரம் தோன்றவில்லை, உலகமும் இல்லை. குணங்கள் சமன் குலைந்த பிறகே படைப்புத் தொடங்குகிறது. ஆகவே முக்குணங்களையும் உண்மையிலேயே சமப்படுத்திவிட்டவருக்கு அமைதியை உணர ஒரு மனமே மிஞ்சாது. பதஞ்சலி கேட்பது அதுவன்று. ரசசும் தமசும் ஒடுங்கிச் சத்துவம் மேலோங்க வேண்டும் என்பதே அவர் வழி. மூன்றாம் பாதத்தின் முடிவில் அவர் சமத்தைப் பேசுகிறார் என்பது உண்மை. ஆனால் அது குணங்களுக்குள் நிகழும் சமம் அன்று. புத்தியின் சத்துவம் தூய்மையில் புருடனுக்கு ஒப்பாகும் நிலை. அந்நிலையில் கைவல்யம், அதாவது புருடன் தனித்து நிற்றல். கீதையின் இரண்டாம் அத்தியாயம் பேசும் சமத்துவமோ வெற்றி தோல்விகளை எதிர்கொள்ளும் பாங்கு பற்றியது. அதையும் இதனோடு சேர்த்துக் குழப்ப வேண்டியதில்லை.

தைத்திரீயத்தின் இரண்டாம் வல்லி (பகுதி) முற்றிலும் வேறொரு வரைபடத்தைத் தருகிறது. அன்னம், பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் ஆகிய ஐந்தையும் அது பறவை உருவில் அமைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலை, வலச்சிறகு, இடச்சிறகு, நடுவுடல், வால் உண்டு. வாலைத்தான் அந்தப் பறவையின் ஆதாரம் என்கிறது உபநிடதம். பிராணமயத்தில் பிராணன் தலை, வியானன் வலச்சிறகு, அபானன் இடச்சிறகு, ஆகாயம் உடல், நிலம் வால். மூச்சின் பறவைக்கு ஆதாரம் மூச்சுக்குள்ளே இல்லை, காலடி மண்ணில் இருக்கிறது. விஞ்ஞானமயத்துக்கு வரும்போது சிரத்தை தலையாகிறது; ருதமும் சத்தியமும் இரு சிறகுகள்; நடுவுடல் யோகம்; மகத்து வால். யோகம் என்ற சொல்லைக் கலைச்சொல்லாக ஆளும் பழைய இடங்களில் இதுவும் ஒன்று. சங்கரர் இங்கே அதற்குச் சித்தத்தின் ஒருமுகப்பாடு என்றே உரை வகுக்கிறார். இரு சிறகுகளையும் பிடித்து வைத்திருக்கும் உடலாக இங்கே யோகம் நிற்கிறது. சிறகுகளை நிறுத்துப் பார்த்துச் சமமாக்கும் வேலை எதையும் உபநிடதம் அதற்குத் தரவில்லை.

பறவை ஏன்? கிருஷ்ண யசுர் வேதத்தாருக்கு உரிய பெருஞ்சடங்குகளில் அக்கினிசயனம் ஒன்று. அதில் பறவை வடிவிலான வேள்விப் பீடத்தைச் செங்கற்களால் ஐந்து அடுக்குகளாக எழுப்புவர். 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நிகழ்த்தியதை ஆய்வாளர் ஃபிரிட்ஸ் ஸ்டால் விரிவாகப் பதிவு செய்தார். பறவை, ஐந்து அடுக்கு என்ற இரண்டும் ஒருசேர அமைந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அந்தப் பீடமே இங்கு மனிதனுக்குள் வந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். அப்படிக் கொண்டால் முக்கியமான ஒன்று தெளிவாகிறது. பீடத்தில் மேலடுக்கை வைத்த பிறகு கீழடுக்கை எவரும் உருவி எறிவதில்லை. எறிந்தால் தீ வைக்க இடமிருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு சங்கரரின் உரையிலேயே இருக்கிறது. பல உமிகளைக் கொண்ட வரகைத் தீட்டி அரிசியை எடுப்பதுபோல, அவித்தையால் வந்த ஐந்து கோசங்களையும் நீக்கி ஆன்மாவைக் காட்டுவதே இப்பகுதியின் நோக்கம் என்கிறார் அவர். வரகு குத்தியவர்களுக்கு அதன் உமி எத்தனை பிடிவாதமானது என்று தெரியும்; உவமை கூர்மையானது. ஆனால் அவர் பேசுவது 'இது நான் அல்ல' என்று பகுத்தறியும் ஞான முறையை. உடலையும் மூச்சையும் எப்படிப் பேணுவது என்பது அங்கே கேள்வியே அன்று. மூல நூலும் ஒவ்வொரு படியிலும், உள்ளிருக்கும் ஆன்மா வெளியிலிருப்பதை நிறைத்து அதன் உருவையே கொண்டிருப்பதாகச் சொல்கிறது. உமிக்கும் அரிசிக்கும் இந்த உறவு இல்லை.

ஆனந்தமயம் பற்றிய பழைய வழக்கும் இங்கேதான் பயன்படுகிறது. பிரம்ம சூத்திரத்தின் ஆனந்தமய அதிகரணத்தில், ஆனந்தமயமே பிரம்மம் என்று இராமானுசர் நிலைநாட்டுகிறார். சங்கரரின் முடிவு வேறு: அப்பறவையின் வாலாகச் சொல்லப்பட்டதே பிரம்மம், ஆனந்தமயமும் ஒரு கோசமே. பிரம்மத்தைத் தனியே அறிய வேண்டும் என்ற அளவில் சங்கரர் வாலைப் பற்றிக்கொண்டது எனக்குச் சரியாகவே படுகிறது. அவருடைய வாதத்தை ஏற்றாலும் ஆனந்தத்துக்கும் ஓர் ஆதாரம் வேண்டும் என்பது உறுதியாகிவிடுகிறது. மகிழ்ச்சியையே முடிவான அளவுகோலாக வைத்து நடத்தப்படும் இன்றைய பயிற்சிகள் இந்த ஓரிடத்தில் தடுமாறுகின்றன. தியானத்தில் கிடைக்கும் இன்ப உணர்வை ஆனந்தமயம் என்று பெயரிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாம் வல்லியைப் படிக்காமல் இரண்டாம் வல்லியோடு நிறுத்திக்கொள்வதும் இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம். வருணனின் மகன் பிருகு தவமிருந்து அன்னமே பிரம்மம் என்று முதலில் அறிகிறான்; பிறகு பிராணன், மனம், விஞ்ஞானம் என்று போய் ஆனந்தத்தில் முடிக்கிறான். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. உபநிடதம் உடனே அன்னத்துக்குத் திரும்பி விரதங்களை விதிக்கிறது: அன்னத்தைப் பழிக்காதே, தள்ளாதே, மிகுதியாக்கு, தங்க இடம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாதே. எல்லாவற்றையும் கடந்து சென்ற ஞானியும் தானே அன்னம், தானே அன்னத்தை உண்பவன் என்று வியந்து சாமம் பாடுகிறான். அன்னமயத்தைக் கீழ்ப்படியாகவும் மற்றவற்றை அதிலிருந்து தப்பிக்கும் ஏணியாகவும் வரையும் விளக்கப்படங்கள் இந்த வல்லியின் முன் நிற்கமாட்டா. பசித்தவருக்கு உணவும் வழிப்போக்கருக்கு இடமும் கொடுப்பதைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கும் எந்தக் கோசப் பயிற்சியும் தைத்திரீயத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள உரிமை உடையதன்று.