வந்து பாருங்கள், என் உலகை!

கணினியின் முன் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவன், “அப்பா, வந்து பாருங்கள், என் உலகை!” என்று அழைக்கிறான். தந்தை கண்ணை உயர்த்தாமலே, “போய்ப் பாடத்தைப் படி” என்கிறார். இக்காட்சி இன்று பல இல்லங்களில் நிகழ்வது. தந்தை கூறியதில் தவறில்லை. ஆயினும் அந்த அழைப்பின் பொருள் யாது? தான் கட்டியதைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்னும் இந்த வேட்கை எவ்வளவு பழமையானது? இதனையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

கதையும் இலக்கும் வகுத்துக் கொடுக்காமல், விளையாடுவோர் தாமே விரும்பியதைக் கட்டிக்கொள்ளுமாறு விடும் கணினி விளையாட்டுகளை மேனாட்டார் ‘மணல்தொட்டி விளையாட்டு’ என்று அழைக்கின்றனர். பெயர் நமக்கு அயலானதன்று. மணலில் சிறு வீடு கட்டி விளையாடும் சிறுமியரை நம் இலக்கியம் நெடுங்காலமாக அறியும். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் எட்டாம் பருவம் சிற்றில். அதில் சிறுமியர், தம் மணல்வீட்டைக் காலால் சிதைக்க வேண்டா என்று பாட்டுடைத் தலைவனை வேண்டுவர். கட்டுகிறவருக்குக் காண்பவரும் வேண்டும். காண வருகிறவரிடம் அச்சமும் உண்டு. இவ்விரண்டையும் நம் புலவர்கள் அன்றே கண்டிருந்தனர்.

காட்டுவதற்கு அஞ்சிய ஒருவரின் வரலாற்றை இங்கே கூறுதல் பொருந்தும். இங்கிலாந்தில் யார்க்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த ஹாவொர்த் என்னும் சிற்றூரில், பிராண்டி என்னும் பாதிரியார் வாழ்ந்தார். 1826ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தம் மகனுக்குப் பன்னிரண்டு மரப் போர்வீரர்களை வாங்கி வந்தார். சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என்னும் நான்கு குழந்தைகளும் ஆளுக்கொரு வீரனைத் தமதாக்கிப் பெயரிட்டனர். அவ்வீரர்கள் ஆள்வதற்கென்று ஒரு நகரம் பிறந்தது, நகரம் நாடாயிற்று. வீரர்கள் படிப்பதற்கு ஏற்ற அளவில், அச்செழுத்துப் போன்ற நுண்ணிய எழுத்தில், உள்ளங்கையில் அடங்கும் நூல்களையும் அக்குழந்தைகள் எழுதினர். பின்னர் எமிலியும் ஆனும் பிரிந்து, ‘கோண்டல்’ என்னும் தனி உலகைப் படைத்துக்கொண்டனர்.

ஆண்டுகள் பல சென்றன. 1845இல் எமிலியின் கவிதை ஏடு தற்செயலாகத் தமக்கை சார்லட்டின் கண்ணில் பட்டது. கோண்டல் உலகின் மாந்தர் பாடுவனவாகப் பல கவிதைகள் அதில் இருந்தன. தம் இசைவின்றி அந்த ஏட்டைப் படித்ததற்காக எமிலி பெரிதும் சினந்தார். அவரைச் சமாதானப்படுத்தச் சில மணி நேரமும், கவிதைகளை அச்சிட இசையச் செய்யச் சில நாட்களும் ஆயின என்று சார்லட் எழுதியிருக்கிறார். 1846இல் மூன்று சகோதரியரின் கவிதைகளும் புனைபெயரில் வெளிவந்தன. கோண்டல் பெயர்கள் நீக்கப்பட்டே எமிலியின் பாடல்கள் அச்சேறின. முதலில் விற்றவை இரண்டே படிகள்! எனினும் மறு ஆண்டிலேயே சார்லட்டின் ‘ஜேன் அயர்’, எமிலியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ ஆகிய நாவல்கள் வெளிவந்தன. சிறுவயதில் உலகம் சமைத்துப் பழகிய கைகளே அவற்றை எழுதின.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டவரான மார்க்கஸ் பெர்சன் ‘மைன்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழு வடிவம் 2011இல் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இதனை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023க்குள் 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுவிட்டன.

இவ்விளையாட்டில் மண், கல், மரம் யாவும் கனசதுரக் கட்டிகளே. ஒவ்வொன்றின் பக்கமும் ஒரு மீட்டர் என்பது கணக்கு. விளையாடுபவர் கட்டியை உடைத்து எடுக்கலாம். வேறிடத்தில் வைத்து அடுக்கலாம். ‘விதை’ எனப்படும் ஓர் எண்ணிலிருந்து மலையும் ஆறும் காடும் தோன்றுகின்றன. ஒரே பதிப்பில் ஒரே விதையை இருவர் இட்டால், இருவருக்கும் ஒரே நிலம் கிடைக்கும். ஆயினும் சில நாட்களில் அவ்விரு உலகங்களும் வேறாகிவிடும். இயற்கை ஒன்றாயினும் உழைப்பு வேறன்றோ?

அங்கே பகலும் இரவும் சேர்ந்து இருபது நிமிடங்களே. இருட்டியதும் கொடிய உருவங்கள் வெளிப்படும். ஆகவே பெரும்பாலோர் கட்டும் முதல் வீடு அழகுக்காக எழுவதன்று; அச்சத்தால் எழுவது. ஒரு மண் குடிசையோ மலையில் குடைந்த பொந்தோதான் அது. மாளிகையும் கோபுரமும் பின்னர் வருவன. பழைய குடிசையை இடிக்காமல் மாளிகையின் அருகிலேயே விட்டுவைப்போர் பலர் உண்டு.

எமிலியின் உலகை ஏட்டில் படிக்கத்தான் முடியும். கணினி உலகிலோ, அழைக்கப்பட்டவர் உள்ளேயே நடந்து வரலாம், கதவைத் திறக்கலாம், சுவரை இடிக்கவும் செய்யலாம்! 2014இல் டென்மார்க்கு நாட்டின் நிலவரைபடத் துறை, தன் நாடு முழுவதையும் உண்மை அளவிலேயே இவ்விளையாட்டில் அமைத்து, பள்ளி மாணவர்களுக்குப் பயன்படுமென யாவருக்கும் திறந்துவிட்டது. வெடிமருந்தைப் பயன்படுத்த இயலாதவாறு தடுத்தும் வைத்தது. ஆனால் வெடிமருந்து ஏற்றிய சுரங்கத் தள்ளுவண்டியைத் தடுக்க மறந்தது. சிலர் அவ்வழியே கட்டடங்களைத் தகர்த்து, அமெரிக்கக் கொடிகளை நாட்டினர். அழிந்தது சிறு பகுதியே. எனினும் சிற்றில் சிதைத்த கால்களை அது நினைவூட்டுகிறது.

நாட்டுக்கு நேர்ந்தது செய்தியாயிற்று. ஒரு குழந்தைக்கு நேர்ந்தால் யார் அறிவார்? ஆட்டிசம் உடைய குழந்தைகள் கட்டியவற்றைப் பிறர் இடித்து ஏளனம் செய்வதைப் பெற்றோர் சொல்லக் கேட்டார், கானடா நாட்டுத் தந்தை ஒருவர். 2013இல் அத்தகைய குழந்தைகளுக்கென்றே ‘ஆட்கிராஃப்ட்’ என்னும் தனி உலகை அவர் தொடங்கினார். இசைவு பெற்றவர்களே அதில் நுழையலாம். அச்சமின்றிக் கட்டவும், கட்டியதைக் காட்டவும் அக்குழந்தைகளுக்கு ஓர் இடம் கிடைத்தது.

காட்டுதலால் ஊருக்கு நன்மை விளைந்ததும் உண்டு. ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்ட அமைப்பு, 2012 முதல் மோஜாங் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பணியை மேற்கொண்டது. பொறியாளரின் வரைபடத்தைப் படித்தறியாத மக்களும், தங்கள் தெருவும் பூங்காவும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இவ்விளையாட்டில் கட்டிக் காட்டினர். கென்யாவின் தலைநகரான நைரோபி முதலிய நகரங்களில் அவர்தம் கருத்துகள் திட்டத்திற்கு உதவின.

மாணவர்களே! விளையாட்டுக்கு நேரவரம்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. கட்டுவோருக்கு அடக்கமும் வேண்டும். ஆனால் உங்கள் தம்பியோ தங்கையோ, “வந்து பார்” என்று அழைக்கும்போது ஐந்து நிமிடம் சென்று பாருங்கள். மாளிகையை வியந்து நின்றுவிடாமல், “நீ முதலில் கட்டியது எது?” என்று கேளுங்கள். உங்களை அழைத்துச் சென்று அந்த மண் குடிசையைக் காட்டும் அக்குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.