உக்கிராணக்காரர் யார்?
மலையகத் தோட்டங்களிற் கிறிஸ்தவத் தலைமையும் கூட்டுப் பொறுப்பும்

நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில் இங்குருஓயா, கலபொட ஆகிய நிலையங்களைக் கடந்ததும் வட்டவளை வருகின்றது. இலங்கையில் மிகக் கூடிய மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த இப்பாதை 1885இல் நானுஓயாவைத் தொட்டது. அது கோப்பி அழிந்து தேயிலை தழைக்கத் தொடங்கிய காலம். சரிவெங்கும் தேயிலை, இடையே லயன் வரிசைகள், மேட்டில் துரை பங்களா, ஆற்றோரம் ஒரு மாரியம்மன் கோயில், சில தோட்டங்களில் சிலுவை தாங்கிய சிறு ஆலயம். இந்த அமைப்பு வட்டவளைக்கு மட்டும் உரியதன்று. மலையகம் முழுவதும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது.

இவ்வமைப்பை எப்பெயரால் அழைப்பது என்பதே முதலில் எழும் வினா. மக்கள் நெருங்கி வாழும் முறையால் அது நகரத்தை ஒக்கும். ஆயினும் நகரத்துக்குரிய சபையோ, சந்தையோ, தெருப் பெயரோ அதற்கு இல்லை. கிராமம் எனலாமெனில், கிராமத்தவனுக்குரிய காணி அங்கு எவருக்கும் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாகவே இருந்தது. வாக்களிப்பவர் தோட்டத்தவர், வீதி விளக்கு எரிவது வேறிடத்தில். நலிவுற்ற நகரங்களைச் சமயத் தலைமையும் மக்களின் கூட்டுப் பொறுப்பும் எவ்வாறு புதுப்பிக்கலாம் என்பது உலகின் பல பாகங்களிலும் பேசப்படும் பொருள். எமது நாட்டில் அதனை ஆராயப் புகுவோர் கொழும்பின் சேரிகளுக்குச் செல்வதற்கு முன்னர் இந்த லயன்களையே நோக்குதல் தகும்.

தமிழ் வேதாகமத்தில் 'உக்கிராணக்காரன்' என்றொரு சொல் வழங்குகின்றது. பிறருடைய பொருளைக் காத்து, அதற்குக் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன் என்பது அதன் கருத்து. உக்கிராணத்துவம் என்பது திருச்சபையாரின் நாளாந்த வழக்கிலும் உண்டு. கணக்கு யாருக்கு ஒப்புவிக்கப்பட்டது? மலையகத்திற் கிறிஸ்தவப் பணியின் வரலாறு பெரும்பாலும் இவ்வொரு கேள்விக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட வேறு வேறு விடைகளின் வரலாறேயாம்.

முதல் விடை 1850களில் எழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தொழிலாளரிடையே பணியாற்றுவதற்கென, ஆங்கிலிக்க திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். மிசன் 1854 அளவில் ஒரு தனிப் பணியைத் தொடங்கியது. அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிசன்'. இன்று கூசச் செய்யும் அப்பெயர் அன்று அறிக்கைகளில் எவ்விதக் கூச்சமுமின்றி அச்சாயிற்று. இம்மிசனுக்குத் தோட்டத் துரைமார் பலர் பொருளுதவி செய்தனர். அதன் அலுவல்களைக் கவனித்த குழுவிலும் இடம் பெற்றனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வருவிக்கப்பட்ட உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து சென்றனர். பிரட்டுக் களத்திலும் லயன் வாசலிலும் கூடியோருக்குப் பிரசங்கம் செய்தனர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர்.

துரைமார் பணம் கொடுத்தமைக்குச் சிலரின் உண்மையான பக்தி காரணம். மதுவை விட்டு ஒழுங்காக வேலைக்கு வரும் தொழிலாளியை விரும்பியதும் காரணம். இரண்டையும் பிரித்து நிறுப்பது கடினம். எனினும் விளைவு தெளிவானது. தோட்டத்தின் வாயில் துரையின் அனுமதியின்றித் திறவாது. அவ்வனுமதி உபதேசியாருக்கு இருந்தது. பிற்காலத்தில் தொழிற்சங்கம் அமைக்க வந்த கோ. நடேசையரோ புடைவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். ஒரே வாயில், இருவருக்கும் இருவேறு வகையில் அமைந்தது. திறந்த வாயிலால் நுழைந்தவர், அதைத் திறந்தவருக்கு எதிராக வாய் திறத்தல் எளிதன்று. கங்காணியின் கடன் கணக்கையும், தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கடனோடு கைமாற்றிய துண்டு முறையையும் உபதேசிமார் அன்றாடம் கண்டிருப்பர். அத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது, அதற்கு முன்னின்றது மிசன் அன்று.

ஈண்டு உபதேசிமார் புறப்பட்டு வந்த நெல்லைச் சீமையையும் ஒப்பு நோக்குதல் வேண்டும். அங்கே 1799இல் முதலூர் எனும் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவாயிற்று. மதம் மாறியமையால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோர் குடியேறுவதற்கென நிலம் வாங்கப்பட்டமையே அதன் தோற்றம். 1830இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் தொடங்கப்பெற்ற தர்ம சங்கம் அம்முறையை விரிவுபடுத்தியது. சபையார் கொடுத்த காணிக்கையைக் கொண்டு நிலம் வாங்கி, வீடும் கோயிலும் பள்ளியும் அமைக்க அது வழிசெய்தது. அடுப்பேற்றுமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் அச்சீமையின் வழக்கமாயிற்று. மிக வறியவளும் கொடுப்பவளாயினாள். கொடுத்தமையாற் கணக்குக் கேட்கும் உரிமையும் பெற்றாள். 1903இல் வேதநாயகம் அசரியா முதலியோர் உள்ளூர்ப் பணத்தையும் உள்ளூர் ஆட்களையும் கொண்டே இந்திய மிசனரி சங்கத்தைத் திருநெல்வேலியில் நிறுவியமைக்கு, இப்பழக்கம் இட்ட அடித்தளம் சிறிதன்று. (அசரியா அதற்கு முந்திய ஆண்டு யாழ்ப்பாணம் வந்தபோது அங்குள்ள திருச்சபையார் தம் செலவிலேயே மிசனரிமாரை அனுப்புவதைக் கண்டு ஊக்கம் பெற்றார் என்பது எமக்குப் பெருமை தரும் செய்தி.)

இவ்வனுபவத்தோடு கடல் கடந்த உபதேசியார் மலையகத்திற் கண்டது யாது? பிடியரிசி எடுக்கலாம், அரிசியே தோட்டத்திலிருந்து சம்பளத்துக்கு ஈடாக அளந்து கொடுக்கப்படுவது. கோயில் கட்டலாம்; நிலம் கம்பெனிக்குச் சொந்தம். வேலையை இழந்தவன் அன்றே லயன் அறையையும் இழப்பான். முதலூரும் மெய்ஞ்ஞானபுரமும் போன்ற ஓர் ஊர் மலையகத்தில் ஏன் தோன்றவில்லை என்பதற்கு, உபதேசிமாரின் ஊக்கக் குறைவைக் காரணமாகக் கூறுவோர் நிலவுரிமையை மறந்து பேசுகின்றனர். காணியற்ற கூட்டுப் பொறுப்பு காணிக்கைப் பெட்டியோடு நின்றுவிடும்.

கத்தோலிக்கப் பணியும் இதற்குப் பெரிதும் வேறுபட்டதன்று. 1886இல் கண்டி மறைமாவட்டம் அமைந்தபோது அதனைப் பொறுப்பேற்ற சில்வெஸ்திரின் பெனடிக்ற் சபைத் துறவிகள் இத்தாலியர். அவர்களும் தோட்டங்களிற் சிற்றாலயங்களை எழுப்பினர். டிக்கோயாவில் 1878இற் கட்டப்பெற்ற ஆங்கிலிக்க ஆலயத்தின் கல்லறைகளைப் பார்ப்போர், துரைமாரின் பெயர்களையே மிகுதியாகக் காண்பர். அவர்களுக்குக் காடு வெட்டிக் கொடுத்து மாண்டோரின் புதைகுழிகளுக்குப் பெயருமில்லை, கல்லுமில்லை.

கல்விப் பணி பற்றிச் சுருங்கக் கூறின் போதும். ஹற்றனில் 1892இல் மெதடிஸ்த மிசனார் தொடக்கிய பாடசாலை பிற்காலத்தில் ஹைலன்ட்ஸ் கல்லூரியாக வளர்ந்தது. இத்தகைய நகரப் பாடசாலைகள் மலையகத்தின் முதல் ஆசிரியரையும் எழுதுவினைஞரையும் உருவாக்கின. தோட்டத்துக்குள் இருந்த பாடசாலையோ ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்டு, 1977இன் பின்னர் அரசு பொறுப்பேற்கும் வரை, பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் தயவிலேயே நடந்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. முந்திய ஆண்டின் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குரிமையற்று நின்றனர். அவ்வேளையில் திருச்சபைகளிலிருந்து நாடளாவிய எழுச்சி எதுவும் தோன்றவில்லை. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க முயன்றபோது கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளேயே தங்கி எதிர்த்து நின்றமையை இதனோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். திருச்சபைக்குத் தன் சொத்தைக் காக்கத் திரளத் தெரிந்திருந்தது. தன் ஆலயத்தில் முழந்தாளிட்ட தொழிலாளியின் நாட்டைக் காக்க அது திரளவில்லை. 1964 ஒக்ரோபரிற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுமென விடப்பட்டது. அப்போதும் பங்கிடப்பட்டோரிடம் கருத்துக் கேட்டவர் இல்லை.

மாற்றம் 1970களில் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுப்பிய சிந்தனையும், 1971ஆம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சி தந்த அதிர்ச்சியும் அதற்குப் பின்னணி. கண்டியில் 1959 முதல் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இற் பதுளைக்கெனப் புதிய மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது, வசதிமிக்க கண்டியை விட்டு வறிய பதுளையைத் தாமாகவே ஏற்றார். பண்டாரவளையில் அவர் அமைத்த 'சேவக செவண' குருத்துவ மாணவரை மதில்களுக்குள் அடைத்து வைக்காமற் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்பியது. மேற்றிராணியாரொருவர் பதவியிற் கீழிறங்கி நடந்தமை அக்காலத்திற் புதுமை.

அதே 1972இல், யேசு சபைத் துறவியாகிய போல் காஸ்பர்ஸ் அடிகளார் கண்டியிற் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடக்கினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அங்கே ஒன்றாகப் பணியாற்றினர். மதமாற்றம் அதன் நோக்கமன்று. தோட்டங்களுக்குச் சென்று மக்களின் வாழ்நிலையைக் கேட்டறிதல், அதனைப் பதிந்து வெளியிடுதல், அண்டைச் சிங்களக் கிராமத்தவரையும் லயன் மக்களையும் ஒரே பாயில் அமர்த்திப் பேச வைத்தல் என்பனவே அதன் வேலை. 1974இல் அதனைச் சார்ந்து தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவாகி, 'குரலற்றோரின் குரல்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் செய்தி மடலை வெளியிட்டது.

அச்சொற்கள் வெறும் அலங்காரமல்ல. 1973-74இல் உணவுப் பஞ்சம் தோட்டங்களை உலுக்கியது. மக்கள் பசியால் மாண்டனர். ஹற்றன், கண்டி முதலிய நகரங்களின் தெருக்களிற் கையேந்தி நின்றனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றின. ஆனால் அவற்றை உழைத்து உருவாக்கியோரின் கைக்கு ஒரு பேர்ச்சு நிலமும் வரவில்லை. கண்டிப் பகுதித் தோட்டங்கள் பலவற்றிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டனர். 1977 மே மாதத்தில், தோட்டக் காணி பறிக்கப்படுவதை எதிர்த்த டெவன் தோட்டத் தொழிலாளியான சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவர் எம்மிசனையும் சார்ந்து நின்றவரல்லர். நிலம் பற்றிய கேள்வியை உயிரைக் கொடுத்து எழுப்பியவர்.

சத்தியோதயத்தின் சிறப்பு, கணக்கு ஒப்புவிக்கும் திசையை அது மாற்றியமையிலேயே உள்ளது. கூலி மிசனின் உபதேசியார் தம் அறிக்கையைத் துரைமார் அமர்ந்த குழுவுக்குக் கொடுத்தார். காஸ்பர்ஸ் அடிகளாரின் குழுவினர் தாம் கண்டதை மக்களிடமே திருப்பிச் சொன்னார்கள்; நாட்டின் மனச்சாட்சிக்கும் சொன்னார்கள். இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தை 1979இற் கட்டியெழுப்பியோருள்ளும் அடிகளார் முன்னின்றார். 2017இல் மறையும் வரை அவர் இப்பணியை விடவில்லை.

ஆயினும் இம்முயற்சியை மிகைப்படுத்துதல் தகாது. அது சிறு குழுவினரின் பணி. ஆலய மணியோசைக்குப் பழகிய பெருந்திரளான சபையார் அதிற் பங்கேற்றனர் எனச் சொல்ல இயலாது. வெளிநாட்டு உதவியின்றி அது நிலைத்திருத்தலும் அரிது. பிடியரிசியின் பாடம் இங்கும் முழுமையாகக் கைகூடவில்லை. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயன்கள் எரிந்தபோது நல்லெண்ணம் மட்டும் அரணாகவில்லை. வன்னிக்கும் இந்தியாவுக்கும் ஓடியோர் பல்லாயிரவர். மேலும், தோட்டத்தில் மிகப் பெரும்பான்மையோர் இந்துக்கள். கிறிஸ்தவத் தலைமை அவர்களின் தலைவர்களோடு தோளொத்து நிற்கலாம். அவர்களுக்காகத் தானே தலைமை தாங்க முனைந்தால், கூலி மிசனின் பழைய பாதையிலேயே மீண்டும் கால் வைத்ததாகும்.

நாடற்றோர் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தீர்வு கண்டது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. வட்டவளையின் பெயரையே தாங்கிய கம்பெனியும் அவற்றுள் ஒன்று. நிலத்தின் உடைமை அரசிடம், ஆட்சி கம்பெனியிடம், உழைப்பு தொழிலாளியிடம் என மூன்றாகப் பிரிந்தது. லயன் அறையின் கூரை ஒழுகினால் எவரிடம் முறையிடுவது என்பதற்கு மூவரும் மற்றையவரைச் சுட்டினர்.

2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தியதை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் கூட்டிணைவு ஒரு நெடுநடையை ஒழுங்கு செய்தது. இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றம் அதில் முக்கிய பங்கு வகித்தது. முன்னோர் கடல் கடந்து வந்திறங்கிக் காடு வழியே நடந்த அதே தடத்தில், யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடை ஓகஸ்ற் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. குருமார் நடந்தனர், தொழிலாளர் நடந்தனர், வழியில் வேறு இனத்தவரும் மதத்தவரும் தண்ணீரும் உணவும் கொடுத்தனர். முன்வைத்த கோரிக்கைகளுள் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உரித்துடைய காணி வேண்டும் என்பது ஒன்று. 1854இல் உபதேசிமார் தம் நெல்லை அனுபவத்தைக் கொண்டு எழுப்பியிருக்கக்கூடிய, ஆனால் துரைமார் குழுவிடம் எழுப்ப இயலாத கோரிக்கை அது. 169 ஆண்டுகளின் பின்னர் அதைக் கேட்டு நடந்தோரிற் பலருக்கு, கடிதம் வந்து சேரத் தோட்டக் கந்தோரைத் தவிரத் தமக்கென வேறொரு விலாசம் அன்றும் இருக்கவில்லை.