கொல்லர் உலையும் கும்மிடிப்பூண்டி உலையும்

போன வாரம் தேஞ்ச கொழு, கடப்பாரை எல்லாத்தையும் காயலாங்கடையில போட்டேன். கும்மிடிப்பூண்டி உலைக்குப் போய் உருகி, கட்டடக் கம்பியா வரும்னார் கடைக்காரர்.

எங்க ஊர்க் கொல்லர் இருந்திருந்தா அதே கொழுவைக் காய்ச்சி அடிச்சு இன்னும் ரெண்டு வருஷம் உழ வெச்சிருப்பார். துருத்தி, பட்டடைக்கல், சம்மட்டி, குறடு, தண்ணித்தொட்டி. அவ்வளவுதான் பட்டறை. சூட்டை நிறத்தை வெச்சுத்தான் பார்ப்பார். செக்கச்செவேல்னு இருந்தா அடிக்கலாம். வெளுத்துப் பொறி பறந்தா இரும்பு எரிஞ்சுபோச்சு. அதனாலதான் பட்டறைக்குள்ள எப்பவும் அரையிருட்டு. சின்ன வயசுல அது எனக்குப் புரியல.

இது பழைய வித்தை. மண் மூசையில இரும்போட ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வெச்சு மூடி, உருக்கி எஃகு எடுத்தாங்க. வெள்ளைக்காரங்க 'ஊட்ஸ்'னு எழுதினது இதைத்தான். லண்டன்ல பாரடே 1819-லயே இதை ஆராய்ஞ்சார். 1830-கள்ல ஹீத்துங்கிறவர் பரங்கிப்பேட்டையில பெரிய இரும்பாலை வெச்சார். அந்த உலைக்குக் கரி போட்டு மாளல. கம்பெனி நொடிச்சுப் போச்சு.

ஊர்க் கொல்லர் உலை அதுக்கப்புறமும் எரிஞ்சுது. அவருக்குக் கூலி காசு இல்ல, அறுப்பு முடிஞ்சதும் களத்துல நெல்லு. டிராக்டர் வந்து கொழு போச்சு, அறுப்பு மிஷின் வந்து கதிர் அருவா போச்சு, களத்துல அவர் பங்கும் போச்சு. மிஷினைக் கூப்பிட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அவர் மகன் இப்ப கம்பி ஆலையில ஷிப்டு வேலை பார்க்கிறார்.

அவர் அடிச்ச அருவா ஒண்ணு மட்டும் வீட்டுல இருக்கு. கிரைண்டர்ல தீட்டக் குடுத்தேன். சூடேறி விளிம்பு நீலம் பாஞ்சு, தோய்ச்சல் போயிடுச்சு. நாலு மட்டை வெட்டினா மழுங்குது.