எட்டு மாத வாத்தியார்

வீரமுனையில் ஊரின் கதையைக் கேட்டால் ஒரு கப்பலில்தான் தொடங்குவார்கள். சோழ இளவரசி சீர்பாததேவியும் அவள் கணவன் பாலசிங்கனும் ஏறி வந்த கப்பல் திருகோணமலைக் கடலில் தடைப்பட்டு நின்றது. கடலடியில் கிடந்த பிள்ளையார் சிலையை எடுத்து வைத்த பிறகே அது அசைந்தது. இந்தக் கப்பல் எங்கே கரைதட்டுகிறதோ அங்கே கோயில் எழுப்புவேன் என்று தேவி நேர்ந்துகொண்டாள். கப்பல் வாவி வழியாக வந்து வீரமுனையில் ஒதுங்கியது. சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலுக்கு ஊரார் சொல்லும் வரலாறு இது. பக்கத்து ஊரான சம்மாந்துறைக்கும் சம்மான் என்ற தோணிகள் வந்து நின்ற துறை என்றே பெயர்க்காரணம் சொல்கிறார்கள். இன்று அங்கு நிற்பவருக்குக் கண்ணெட்டும் தூரம் வரை வயல்தான் தெரியும்.

தண்ணீர் வழியாக வந்தவர்களால் ஆன கரை இது. சாமி வந்தது, சரக்கு வந்தது, வாத்தியாரும் வந்தார்.

1814 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மட்டக்களப்பின் புளியந்தீவில் வந்து இறங்கிய வில்லியம் ஓல்ட் அப்படி வந்தவர்களில் ஒருவர். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் அவருக்கு முன்பே இந்தக் கரையில் வேதம் சொல்லிக் கொடுத்தவர்கள்தான். ஆனால் ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலை ஒன்றை இங்கே தொடங்கி, இன்று வரை அறுபடாத ஒரு தொடர்ச்சியைக் கொடுத்தவர் ஓல்ட். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறது. அந்தப் பாடசாலையைத் தொடங்கியவருக்கு அங்கே முதல் ஆண்டை முடிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் வந்த பயணமே சாவுகளால் ஆன பயணம். ஆசியாவுக்கு மெதடிஸ்த மிஷன் ஒன்று போகவேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடியவர் தோமஸ் கோக். செலவுக்குப் பணம் இல்லை என்று சபை தயங்கியபோது, 6,000 பவுண் வரை தன் சொந்தப் பணத்தைத் தருகிறேன் என்றார். 1813 இன் கடைசி நாட்களில் அவரும் ஆறு இளம் போதகர்களும் இரண்டு கப்பல்களில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார்கள். நடுவழியில் ஓல்டின் மனைவி இறந்தார். உடலைக் கடலில்தான் இறக்கவேண்டியிருந்தது. மே 3 ஆம் திகதி காலையில் கோக்கும் தன் அறையில் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 66. இந்து சமுத்திரமே அவருக்குக் கல்லறையானது. தலைவனை இழந்தவர்கள் பம்பாயில் இறங்கினார்கள். அங்கிருந்து அவர்களில் ஐவர் வேறு கப்பல் பிடித்து ஜூன் 29 இல் காலிக்கு வந்து சேர்ந்தார்கள்.

காலியில் கூடி இருந்து யார் எங்கே போவது என்று தீர்மானித்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம், கிளவ் காலி, எர்ஸ்கின் மாத்தறை. ஓல்டுக்கு மட்டக்களப்பு. யாழ்ப்பாணத்துக்கு இருவர் சேர்ந்து போனார்கள், மட்டக்களப்புக்கு ஒருவர்தான். மனைவியைக் கடலில் விட்டுவிட்டு வந்த மனிதர் தனியே அந்தக் கிழக்குக் கரைக்கு ஏறினார்.

ஆளுநர் பிரவுன்றிக்குக்கு இவர்கள் வருகை தோதாக அமைந்தது. ஊர்த் தலைவர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அரசாங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டது. போதகர்களுக்கோ காலூன்ற ஓர் இடமும் கைச்செலவுக்குக் காசும் தேவைப்பட்டன. ஆகவே இவர்கள் இந்தக் கரைக்குப் போதகர்களாக மட்டுமல்ல, சம்பளம் வாங்கும் ஆங்கில வாத்திமாராகவும் வந்தார்கள். மதம் பரப்ப வந்தவர் என்ற ஒரே சொல்லில் ஓல்டை அடக்கிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் தெரியாதவர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பது? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் ஒருவர் விடை கண்டிருந்தார். 1706 இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் போதகர் சீகன்பால்க், திண்ணைப் பள்ளி நடத்திய வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளியை வைத்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அரிவரி எழுதினார்கள். பக்கத்தில் அந்த ஜெர்மானியரும் சம்மணம் கொட்டி உட்கார்ந்து அதே எழுத்தை எழுதினார். கற்பிக்க வந்தவர் முதலில் கடைசி வரிசையில் மாணவனாக இருக்கவேண்டும் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் காட்சி வேறு இல்லை.

ஓல்டின் காலத்தில் உதவிக்கு நூல்களும் வந்துவிட்டன. சீகன்பால்க்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 இலும், பப்ரிசியுசின் தமிழ் ஆங்கில அகராதி 1779 இலும் அச்சாகியிருந்தன. ஆனால் அகராதித் தமிழ் ஒன்று, மட்டக்களப்புத் தமிழ் ஒன்று. “என்னகா?” என்று ஒரு கிழவி கேட்டால் அந்தக் ‘கா’வுக்கு எந்த அகராதியில் பொருள் தேடுவது? “இஞ்ச வா மனே” என்றால் அந்த ‘மனே’ மகனைக் குறிப்பது என்று யார் சொல்லித் தருவது? கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் போனால் வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா என்று இன்னொரு உறவுத் தொகுதியே இருக்கிறது. ஒரே வாவியைச் சுற்றி, ஒரே வயல் வரம்பில் நின்று, இரண்டு சமூகங்கள் பேசும் தமிழ் அது. புதிதாக வந்த எந்த ஆசிரியனுக்கும் பாதி ஆண்டு இதைக் காதில் வாங்குவதிலேயே போய்விடும்.

மீதிப் பாதியைக் காற்றும் வேளாண்மையும் எடுத்துக்கொள்ளும். ஆகஸ்டில் வந்தவரைக் கச்சான் காற்று வரவேற்கும். மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட, உடம்பைச் சுடும் காற்று அது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பும், மாரி கொட்டும், வாவி பெருகும். ஊருக்கு ஊர் தோணி இல்லாமல் போக முடியாத காலம் அது. மழை ஓய்ந்து பிள்ளைகள் வரத் தொடங்கும்போது மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு வந்துவிடும். நெல்லை வேளாண்மை என்றே சொல்லும் நாட்டில் அறுப்புக் காலத்தில் வகுப்பில் யார் இருப்பார்? போடியாரின் வயலில் தகப்பன் நிற்பான், சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளை வட்டையிலேயே நின்றுவிடும். சூடு மிதித்து நெல் வீடு வந்த பிறகுதான் ஏடும் எழுத்தாணியும். அண்மைக் காலம் வரை சம்மாந்துறை, வீரமுனைப் பக்கத்து ஆசிரியர்கள் வரவு இடாப்பில் கண்ட வழக்கம் இது. 200 ஆண்டுகளுக்கு முன்பு இது வேறுவிதமாக இருந்திருக்க வழியில்லை.

ஓல்ட் அந்த அறுப்பைக் கண்டார்; அதற்கு அப்பால் எதையும் காணவில்லை. 1815 மார்ச் 2 இல் கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டு இலங்கை முழுவதும் பிரித்தானியர் கையில் விழுந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 1 இல், மட்டக்களப்பில் வில்லியம் ஓல்ட் நோயில் இறந்தார். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாட்டின் ஆட்சி கைமாறிய செய்தி எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. இந்த மரணமோ மட்டக்களப்பாருக்கு மட்டும் தெரிந்த செய்தியாகவே இருந்துவிட்டது. அவர் இறங்கிய துறையில் இன்று ஒரு நினைவு வாயில் நிற்கிறது. நகரத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. எட்டு மாதம் மட்டுமே வேலை செய்த வாத்தியாருக்கு ஓர் ஊர் சிலை வைத்திருப்பது சின்ன விஷயம் அல்ல.

முதல் ஆண்டைத் தாண்டியவர்கள் நிலை வேறு. 1840 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி எலைசா அக்னியூ, உடுவில் மகளிர் பாடசாலையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் இருந்தார். ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. தாய்க்குக் கற்பித்து, மகளுக்குக் கற்பித்து, பேத்திக்கும் கற்பித்து 1883 இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார்.

அதே 1883 இல்தான் கல்முனையில் உவெஸ்லி பாடசாலை எழுந்தது. ஓல்ட் இறங்கிய துறையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க மிஷன் ஆங்கிலக் கல்விக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. கல்முனையைச் சுற்றியிருந்த முஸ்லிம் ஊர்களில் பிள்ளைகள் முதலில் போவது ஓதப்பள்ளிக்கு. லெப்பை ஓதிக்கொடுக்க, பலகையில் எழுதிப் படித்த பிள்ளையை மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடுமோ என்ற பயம் வாப்பாமாருக்கு இருந்தது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மிஷன் பள்ளியில் பைபிளும் பாடம்தானே. ஆனால் பயத்தோடு இருந்துவிட்டால் அடுத்த தலைமுறை கச்சேரி வாசலில் மனு எழுத ஆள் தேடி நிற்கும் என்பதைக் கண்டுகொண்டவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட அராபி பாஷா கொழும்பில் வந்து இறங்கியதும் இதே 1883 இல்தான். இருவரும் சேர்ந்து முஸ்லிம்களுக்கென்று ஆங்கிலமும் கற்பிக்கும் பாடசாலைக்கு வழி வெட்டினார்கள். அந்த வழி கல்முனைக்கு வர மிக நீண்ட காலம் எடுத்தது. கல்முனை சாஹிறாக் கல்லூரி பிறந்தது 1949 இல்.

உவெஸ்லி பாடசாலைக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காரைதீவிலிருந்து ஒரு சைவப் பையன் வந்தான். பெயர் மயில்வாகனம்; பிறந்தது 1892 இல். ஊரில் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் அரிவரி படித்தவன், கல்முனையில் ஆங்கிலம் படித்தான், பிறகு மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரிக்குப் போனான். அங்கே பொனெல் என்ற ஐரோப்பிய யேசுசபைத் துறவி கணிதத்தில் அவனைத் தூக்கி நிறுத்தினார். 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறினான். தேறியவன் அதே புனித மைக்கேலிலும் கல்முனைக் கத்தோலிக்கப் பாடசாலையிலும் ஆசிரியனாக நின்றான். மீசை அரும்பாத பையன், தன்னைவிடச் சில வயதே குறைந்த பிள்ளைகளுக்கு முன்னால், நெற்றியில் திருநீறு பூசும் குடும்பத்திலிருந்து வந்து, சிலுவை தொங்கும் வகுப்பறையில். இவனுக்குக் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை, காற்றும் புதிதல்ல, “என்னகா” என்றால் தாயின் சொல். ஓல்டுக்கு வாய்க்காத அத்தனையும் வாய்த்தவன் அவன். ஓல்ட் பாதியில் விட்ட ஆண்டை இந்தக் கரையில் யாராவது முடித்து வைத்தார்கள் என்றால் இவனைப் போன்ற உள்ளூர் ஆசிரியர்கள்தான்.

அந்தப் பையன் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் ஆனதும், 1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கப் போனதும், 1924 இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனதும், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்ததும் எல்லாரும் அறிந்தவை. கிறிஸ்தவப் பாடசாலைகளில் வாங்கிய ஒழுங்கை அவர் சைவப் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கல்லடி உப்போடையில் 1929 இல் எழுந்த சிவானந்த வித்தியாலயத்தில் அந்த ஒழுங்குக்குப் பங்கு உண்டு.

வெளிநாட்டு ஆசிரியரின் காலம் அத்தோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து யேசுசபையினர் மட்டக்களப்புக்கு வந்தார்கள். 1948 இல் வந்த இருவர் இந்தக் கரைக்கு என்றைக்கும் சொந்தமாகிவிட்டவர்கள்: யூஜின் ஹீபர்ட் அடிகளார், ஹரி மில்லர் அடிகளார். ஹீபர்ட் பையன்களுக்குக் கூடைப்பந்து கற்பித்தார். மட்டக்களப்பில் கூடைப்பந்து என்றால் புனித மைக்கேல் என்று சொல்லும்படி அது வேர் பிடித்தது. மில்லர் அதே கல்லூரியில் கற்பித்து, அதன் அதிபராகவும் இருந்தார்.

1960 இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. மெதடிஸ்த மத்திய கல்லூரியும் கல்முனை உவெஸ்லியும் அரச பாடசாலைகள் ஆயின. 1970, 80களில் படகு எதிர்த்திசையில் போகத் தொடங்கியது: வடக்கு கிழக்கின் பட்டதாரி ஆசிரியர்கள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் ஒப்பந்தத்தில் போனார்கள். அவர்கள் போய் நின்ற வகுப்பறைகளில் மிஷனரிமார் தொடங்கியவையும் உண்டு. ஓல்டின் நாட்டு மொழியில், ஓல்டைப் போலவே பிள்ளைகளின் தாய்மொழி தெரியாமல், கணிதமும் பௌதிகமும் கற்பித்தார்கள். தெரியாத காற்றும் தெரியாத அறுப்புக் காலமும் இவர்களுக்கும் இருந்தன.

உள்நாட்டுப் போரின் நடுவே 1990 ஆகஸ்ட் வந்தது. 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். 12 ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், கப்பலில் வந்த அந்தப் பிள்ளையாரின் வாசலில். 15 ஆம் திகதி ஹீபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார், கூட ஒரு தமிழ் இளைஞர். இருவரும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒன்றாக வேளாண்மை செய்த ஊர்கள் ஒன்றையொன்று பார்க்கப் பயந்த மாதம் அது. அந்தக் கரையின் ஆசிரியர்களை, எந்தச் சமூகத்தவராயினும், இன்றும் அந்த மாதம் வகுப்புக்குள் பின்தொடர்கிறது.

மில்லர் அடிகளார் ஊரை விட்டுப் போகவில்லை. காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் அவரிடம் வந்தார்கள். அவர் பெயர்களை எழுதிக்கொண்டார், முகாம் வாசல்களுக்குப் போனார். சமாதானக் குழுவில் இருந்து மூன்று சமூகத்தாரோடும் பேசினார். 23 வயதில் வந்தவர் 2018 ஜனவரி 1 ஆம் திகதி, 92 வயதில், மட்டக்களப்பிலேயே கண்ணை மூடினார். வந்து ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பாடசாலைகளுக்குப் புதிய தவணை தொடங்கும் காலம் அது. கடைகளில் கொப்பியும் பென்சிலும் வாங்கப் பிள்ளைகள் நின்றார்கள்.