தவறு நாக்கில் இல்லை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஒரு ஊர். பெரிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். அங்கே ஒரு ஆரம்பப் பள்ளிக்கு மார்ட்டின் லூதர் கிங் ஜூனியரின் பெயர் (பெயரில் என்ன குறைச்சல்!). 1977ல் அந்தப் பள்ளியில் படித்த ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத்தான் வழக்குப் போடப்பட்டது. பிள்ளைகளுக்குக் கற்கும் திறனில் குறை என்று முத்திரை குத்தி, சிலரைப் பேச்சு நிபுணரிடமும் அனுப்பியிருந்தார்கள்.

உண்மையில் அவர்கள் பேசியது வீட்டு மொழியான கறுப்பின ஆங்கிலம். அதற்கும் இலக்கணம் உண்டு. 'ஹி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான். 'ஹி பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவன். இதைத் தப்பு என்பவருக்குத்தான் பாடம் தேவை. மொழியியலாளர்கள் வில்லியம் லபோவும் ஜெனீவா ஸ்மிதர்மனும் பிள்ளைகள் பக்கம் நின்றார்கள். 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார்: அந்த மொழியை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். குழந்தையைத் திருத்து என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

பேச்சு சிகிச்சைத் தொழிலுக்குள்ளே இந்தச் சண்டை இன்னும் பழையது. 1968ல் டென்வரில் நடந்த ஆஷா (அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் சங்கம்) மாநாட்டிலேயே கறுப்பின உறுப்பினர்கள் தனி அணியாகத் திரண்டார்கள். அவர்களில் ஒருவர் ஆர்லாண்டோ டெய்லர். எந்த வட்டார வழக்கும் நோய் அல்ல என்று சங்கம் எழுத்தில் சொன்னது 1983ல். பதினைந்து வருஷம்!

ஆனால் அறிக்கை வேறு, முதுகலை வகுப்பறை வேறு. 'ஷி வாக்ஸ்' என்பதற்குப் பதில் 'ஷி வாக்' என்றால் மதிப்பெண் குறைக்கும் பரிசோதனைகளை வைத்துத்தான் மாணவர்கள் பழகினார்கள். எடைக்கல்லே தப்பாக இருந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. எல்லாம் வழக்குதான் என்று விட்டுவிட்டால், நிஜமாகவே சிகிச்சை தேவைப்படும் கறுப்பினக் குழந்தை தவறிப்போகும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஹாரி சீமோர், தாமஸ் ரோப்பர், ஜில் டி வில்லியர்ஸ் மூவரும் உருவாக்கிய 'டெல்வ்' பரிசோதனை 2003ல்தான் வந்தது.

2020 வாக்கில்கூட ஆஷா உறுப்பினர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்கள். பட்டம் வாங்கி வேலைக்கு வந்துவிட்டவர்களுக்கு 2023ல் ஒரு புது விதி வந்தது: மூன்று வருஷத்துக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியில், பண்பாட்டு வேறுபாடுகள் பற்றிக் கட்டாயமாக 2 மணி நேரம்.