அறுபது தௌ

கராச் மேசையில் சாம்பல் தட்டாக இருந்தது ஒரு பிஸ்ரன். கவிழ்த்து வைத்து, உட்குழியில் சிகரெட் சாம்பலும் பீடித் துண்டும். நாங்கள் அதை எடுத்துத் திருப்பினோம். கரிபிடித்த தலைப்பக்கத்தை விரலால் தேய்த்தபோது மூன்று இலக்கங்கள் தெரிந்தன: 060.

"ஐயா, இது என்ன நம்பர்?"

"அது வயசு தம்பி," என்றார் கராச்காரர். பிறகு சிரித்துவிட்டு, "மொறிஸ் மைனர்ரை பிஸ்ரன். சிக்ஸ்ரி ஓவர்சைஸ். அதுக்குமேலை கொம்பனி தராது" என்றார்.

ஆவணம் என்றால் கடதாசியாகத்தான் இருக்கும் என்று பழகிப்போன எங்களுக்கு இந்த மூன்று இலக்கங்கள் மண்டைக்குள் நின்றுவிட்டன. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான்.

முதலில் கொஞ்சம் எந்திரம். சிலிண்டர் சமமாகத் தேயாது. வெடிப்பு நடக்கிற மேல்பக்கம், ரிங்ஸ் எண்ணெய் குறைவாகக் கிடைத்து உரசுகிற இடம், கூடத் தேயும். பிஸ்ரன் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்துகிற பக்கம் இன்னும் கூடத் தேயும். ஆகவே வட்டமாக இருந்த துளை மெல்ல முட்டை வடிவமாகிறது. ரிங்ஸ் எட்டாத மேல்விளிம்பு மட்டும் பழையபடி நிற்கும். அந்தப் படியில் நகம் தட்டுப்பட்டால் எந்திரம் முடிந்தது என்று அர்த்தம். புகை தள்ளும், எண்ணெய் குடிக்கும், மேட்டில் ஏறாது. அப்போது துளையைத் திரும்பக் கடைந்து வட்டமாக்கி, பெரிய பிஸ்ரன் போடவேண்டும். இதைத்தான் 'போர் பண்ணுறது' என்கிறார்கள். கணக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அதுதான் 'தௌ'. 20, 40, 60 என்று படிப்படியாகப் போகும். 60 தௌ என்பது ஒன்றரை மில்லிமீற்றர். அவ்வளவுதான் முழு ஆயுளுக்குமான கையிருப்பு.

மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் வந்தபோது அதற்குள் இருந்தது பழைய மாதிரி 918 சிசி எந்திரம். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கொம்பனியாகின. அதோடு ஒஸ்ரின் ஏ30 காருக்காக 1951இல் செய்யப்பட்ட 803 சிசி எந்திரம் மைனருக்குள் வந்தது. இதுதான் பின்னால் 'ஏ சீரிஸ்' என்று பெயர்பெற்ற எந்திரம். 2000ஆம் ஆண்டு பழைய மினி நிற்பாட்டப்படும்வரை, ஏறக்குறைய ஐம்பது வருடம், இதன் வாரிசுகள் ஓடின.

அந்த ஐம்பது வருடக் கதையை ஒரு துளை பெருத்த கதையாகவும் சொல்லலாம். 803இன் துளை 58 மி.மீ. 1956இல் 948 சிசி ஆக்கியபோது 62.9. அதற்கு இடமில்லாமல், சோடி சோடியாகச் சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணீர் ஓடிய வழியை அடைத்துச் சுவரோடு சுவர் ஒட்டவைத்தார்கள். 1962இல் 1098 சிசி, 64.58 மி.மீ. மினி கூப்பர் எஸ் காலத்தில் 70.6. இந்த முறை வெளிச் சிலிண்டர் இரண்டையும் வெளிப்பக்கம் தள்ளி, நடு இரண்டையும் ஒன்றுக்கொன்று கிட்டக் கொண்டுவந்தார்கள். புளொக்கின் நீளம் அதேதான். கல்யாண வீட்டில் ஒரே வாங்கில் இன்னும் இரண்டு பேரை இருத்துகிற வேலை.

இதுக்குப் பின்னால் இருந்தது ஓட்டப்போட்டி விதிகள். 1000 சிசிக்குள் ஒரு பிரிவு, 1100க்குள் ஒன்று, 1300க்குள் இன்னொன்று. கூப்பர் எஸ் 970, 1071, 1275 என்று மூன்று அளவில் வந்த காரணம் அதுதான். 1964 மொன்ரே கார்லோ றாலியில் பாடி ஹொப்கேர்க் வென்றது 1071இல். 1275ஐ 20 தௌ கடைந்தால் 1293 சிசி, பிரிவுக்குள் நிற்கும். 40 தௌ போனால் 1300ஐத் தாண்டிவிடும். தேய்மானத்துக்காக வந்த முதல் ஓவர்சைஸை அவர்கள் புது எந்திரத்திலேயே வேகத்துக்காகப் போட்டார்கள். பிற்காலத்தில் விதி பற்றிய கவலை இல்லாத ஆர்வலர்கள் 73.5 மி.மீ. பிஸ்ரன் போட்டு 1380 சிசி வரை இழுத்தார்கள். கொம்பனி கனவிலும் நினைக்காத அளவு அது. சிலிண்டர்களுக்கு நடுவே மிஞ்சுகிற சுவர் மெல்லிசு, ஹெட் காஸ்கற் பிடிக்கிற இடமும் ஒடுங்கிவிடும்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். மைனரையும் மினியையும் வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1906இல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில், பிறந்தவர். 1922இல் அந்த நகரில் நடந்த அழிவின்போது குடும்பம் கப்பலேறி மோல்ராவுக்குப் போனது. தகப்பன் விரைவிலேயே இறந்துபோக, தாயோடு இங்கிலாந்துக்குப் போனார். எங்கட ஊர் ஒழுங்கையில் நிற்கிற மைனரும் ஒரு அகதிப்பெடியன் வளர்ந்து கீறின கார் என்று தெரிந்தபோது எங்களுக்கு அந்தக் கார்மேல் கொஞ்சம் கூடுதல் உரிமை வந்தமாதிரி இருந்தது.

இலங்கையில் இந்தக் கார்களின் கதை வேறு திசை. 1970இல் இருந்து 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் வருவது கிட்டத்தட்ட நின்றுபோனது. இருந்த மைனரும் ஏ40உம் கேம்பிரிட்ஜும்தான் வாடகைக் காராகவும் கல்யாணக் காராகவும் ஆசுபத்திரிக்கு ஓடுகிற காராகவும் மாறி மாறி உழைத்தன. இங்கே ஓவர்சைஸ் வேகத்துக்கு இல்லை, கார் இன்னும் ஐந்து வருடம் நிற்பதற்கு. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 948ஐ 60 தௌ கடைந்தால் ஏறக்குறைய 994 சிசி வருகிறது. 46 சிசி கூடுதல் என்று இங்கே எவரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

பிறகு 1990. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, எந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அம்மா அப்பாமாருக்கு இது தெரிந்த கதை, அந்த வெள்ளைப் புகையும் மணமும் அவர்கள் சொல்லி நாங்கள் கேட்டதுதான். ஆனால் எந்திரத்துக்குள் என்ன நடந்தது என்று எவரும் சொன்னதில்லை. மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாகாது. மிஞ்சியது ரிங்ஸ் வழியே கீழே இறங்கி எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் தண்ணியாகும். தண்ணி எண்ணெயில் சுவர் இன்னும் கெதியாகத் தேயும். அதாவது, காரை ஓடவைத்த அதே வழி காரைத் தின்றது. புதுப் பிஸ்ரன் அப்போது லேசில் கிடைக்கிற சாமான் இல்லை.

"சிக்ஸ்ரியும் முடிஞ்சால் என்ன செய்வியள் ஐயா?"

"சிலீவ் அடிக்கலாம். உள்ளுக்கை குழாய் இறக்கித் திரும்ப ஸ்ராண்டட்டுக்குக் கடையிறது. ஆனால் ஸ்ராண்டட் பிஸ்ரனும் வேணுமெல்லே? கிடைக்கிற பிஸ்ரனுக்குத்தான் துளை. துளைக்குப் பிஸ்ரன் தேடேலாது."

வேறு வாகனத்தின் பிஸ்ரனை மைனருக்குள் இறக்கிய கதையை அவர் அரை மணித்தியாலம் சொன்னார். அகலம் பொருந்துவது சின்ன விசயமாம். பின் இருக்கிற இடத்திலிருந்து தலைவரை உள்ள உயரம் கூடினால் பிஸ்ரன் மேலே வந்து ஹெட்டில் அடிக்கும், குறைந்தால் அமுக்கம் வராது. 948இல் பின்னைக் கொனெக்ரிங் றொட் ஒரு போல்ற்றால் இறுக்கிப் பிடிக்கும். 1098இல் பின் சுதந்திரமாகச் சுழலும். ஒரே குடும்பத்து எந்திரத்துக்குள்ளேயே இப்படியென்றால் அந்நியப் பிஸ்ரனுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்தது நிறை. நாலும் ஒரே நிறை இல்லாவிட்டால் எந்திரம் உதறும். நாலையும் நகைக்கடைத் தராசில் வைத்து, கூடினதை உட்பக்கத்தில் அராவிக் குறைத்தாராம்.

"நகைக்கடைக்காரர் பேசாமல் விட்டவரோ?"

"அவற்றை காருக்குத்தானே செய்தது."

எங்களுக்கு விளங்காமல் இருந்த இன்னொன்றையும் அவர்தான் தெளிவாக்கினார். துளை பெருத்தால், ஹெட்டைத் தொடாமலே அமுக்கம் கூடும். 7.2 இருந்தது 60 தௌவில் 7.5 அளவுக்குப் போகும். பெற்றோலுக்கு அது நல்லது. மண்ணெண்ணெய் அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முன்னமே வெடித்துத் தட்டும். அதனால் எந்திரத்தைப் புதுப்பித்த உடனேயே அது கூடத் தட்டத் தொடங்கும். ஆட்கள் வேலை பிழைத்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்களாம். ஹெட்டுக்கு இரண்டு காஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஹெட்டைச் சீவி அமுக்கத்தை ஏற்ற, இங்கே காஸ்கற் அடுக்கி இறக்கினார்கள்.

எந்த வாகனத்தின் பிஸ்ரன் அது என்று கேட்டோம். சொல்லவில்லை. "அந்தக் கார் இப்பவும் ஓடுது. சொந்தக்காரன் கொழும்பிலை. ஒறிஜினல் எண்டு சொல்லித்தான் வாங்கினவன், கெடுக்கக்கூடாது" என்றார்.

போகும்போது அந்த 060ஐக் கேட்டுப்பார்த்தோம். சாம்பலைத் தட்டிவிட்டு, பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். அதே சோடியில் இன்னும் மூன்று எங்கேயாவது இருக்கும், தேடிப்பார்க்கிறேன் என்றார்.